வேஷம் யாருக்குச் சொந்தம்?

மல்யுத்தத்தைப் பற்றி எழுதப்போகிறேன் என்று சொன்னதும் நண்பர் ஒருவர் முகத்தைச் சுளித்தார். நல்ல கவிஞர். "அது பொய்ச் சண்டையய்யா" என்றார். அவருடைய தொகுதி அப்போது என் மேஜை மேல்தான் இருந்தது. அதன் முதல் கவிதையிலேயே அவர் கடலில் மூழ்கிச் செத்துப்போகிறார். எனக்குத் தெரிந்து அவர் கடலைப் பார்த்தது இரண்டு தடவை. அதைச் சொல்லிச் சங்கடப்படுத்த மனமில்லாமல் வேறு பேச்சுக்குப் போய்விட்டேன். ஆனால் பொய் என்ற ஒரு வார்த்தையோடு விஷயம் தீர்ந்துவிட்டதாக நாம் நினைப்பது உறுத்திக்கொண்டே இருக்கிறது. கலை பற்றி இவ்வளவு பேசுகிற நாம், முடிவு முன்கூட்டியே தீர்மானமாகிவிட்ட ஒரு நிகழ்ச்சியை ரசிக்க வெட்கப்படுகிறோம். துரியோதனன் படுகளத்தில் விழப்போகிறான் என்று தெரியாமலா ஜனங்கள் விடிய விடியக் கூத்துப் பார்க்கிறார்கள்?

நான் சொல்வது ஒலிம்பிக் மல்யுத்தத்தை அல்ல, கோதா மண்ணில் புரளும் குஸ்தியையும் அல்ல. கயிறு கட்டிய சதுர மேடை, டிக்கெட், ஒரு நல்லவன், ஒரு கெட்டவன்; யார் ஜெயிப்பது என்பதை நடத்துகிறவர்கள் முன்பே முடிவு செய்துவிட, அந்த முடிவை நோக்கி இரண்டு உடம்புகள் இருபது நிமிஷம் கதை சொல்கிற தொழில். தாராசிங்கும் கிங்காங்கும் ஊர் ஊராகப் போய்ச் செய்தது. அமெரிக்காவின் டபிள்யூ.டபிள்யூ.ஈ. கம்பெனி இன்று உலகம் பூராவும் விற்றுக்கொண்டிருப்பது.

இதைப் பற்றி ஒழுங்காக யோசித்தவர் என்று ரோலான் பார்த்தைத்தான் சொல்வார்கள். 1957 இல் புத்தகமாக வந்த 'மித்தாலஜீஸ்' தொகுப்பின் முதல் கட்டுரையே மல்யுத்தத்தைப் பற்றியது. பி.ஏ. ஆங்கிலம் படித்தபோது இது எனக்குப் பாடமாக இருக்கவில்லை. வேறெதையோ தேடப்போய் நூலகத்தில் கைக்குக் கிடைத்தது. பாரிசின் இரண்டாந்தர மண்டபங்களில் நடந்த சண்டைகளைப் பார்த்துவிட்டு, இது விளையாட்டு அல்ல, ஒரு காட்சி, கிரேக்க நாடகத்துக்கு உறவுமுறை என்று எழுதினார் பார்த். குத்துச்சண்டை காலத்தில் வளர்ந்து முடிவை நோக்கிப் போகிறது. மல்யுத்தத்தில் ஒவ்வொரு கணமும் தன்னளவிலேயே அர்த்தமாகிவிடுகிறது. வலி, தோல்வி, நியாயம் எல்லாம் உடம்பின் மேல் பெரிய எழுத்தில் எழுதப்படுகின்றன, பார்வையாளன் வாசிக்கிறான். பொய்யா நிஜமா என்ற கேள்வி அவனுக்கு எழுவதே இல்லை.

பதினெட்டு வயதில் இதைப் படித்தபோது என் பால்யத்துக்கு யாரோ மன்னிப்பு வழங்கிய மாதிரி இருந்தது. இப்போது திரும்பப் படித்தால் இரண்டு குறைகள் தென்படுகின்றன. ஒன்று, பார்த் ஒரு சாயங்காலத்தைப் பார்த்தார். ஆண்டுக் கணக்கில் தொடரும் கதையை அவர் கணக்கில் எடுக்கவில்லை. இரண்டாவது, அந்த அழகான கட்டுரையில் கூலி என்ற சமாச்சாரமே கிடையாது. மேடையில் புரண்டவர்கள் கடைசி ரயிலைப் பிடித்து எங்கே போனார்கள், கையில் எவ்வளவோடு போனார்கள் என்பது அவருக்கு விஷயமாகப் படவில்லை. நான் ஒட்டன்சத்திரத்தில் ஒரு வங்கிக் கிளையில் குமாஸ்தா. எனக்கு முதலில் படுவது அதுதான்.

*

முதல் குறையை முதலில் பார்க்கலாம்.

எனக்கு ஒன்பது பத்து வயதிருக்கும்போது எங்கள் தெருவில் பையன்கள் கையில் பணம் இருந்தால் சீட்டு வாங்கினோம். மல்லர்களின் படம் போட்ட டிரம்ப் சீட்டு. உயரம், எடை, மார்பளவு, புஜம், போட்ட சண்டை, ஜெயித்த சண்டை எல்லாம் அதில் அச்சாகியிருக்கும். இந்தப் பொய் உலகத்தின் புள்ளிவிவரங்களை, பத்தாம் வகுப்பில் தனிம வரிசை அட்டவணையை மனப்பாடம் செய்ததைவிட பக்தியோடு மனப்பாடம் செய்தோம். அண்டர்டேக்கர் ஏழு தடவை செத்துப் பிழைத்தவர் என்பது எங்களுக்குள் ஐதீகம். இந்தியா பூராவும் பள்ளிப் பிள்ளைகளிடையே இதே ஐதீகம் இருந்ததென்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். 1996 இல் வந்த ஓர் இந்திப் படத்தில் அக்ஷய் குமார் அண்டர்டேக்கரைத் தூக்கிப் போடுகிறார் என்று ஒரு வாரம் தெருவே இரண்டுபட்டது. படத்தில் வந்தவர் அசல் அண்டர்டேக்கர் இல்லை. பிரையன் லீ என்பவர். அவரே 1994 இல் அமெரிக்க மேடையில் போலி அண்டர்டேக்கராக நடித்தவர்தான். போலியின் போலி பம்பாய் சினிமாவுக்கு வந்து, அங்கிருந்து எங்கள் தெருச் சண்டைக்கு மூலப்பிரதி ஆகியிருக்கிறது.

1997 அக்டோபரில் அண்டர்டேக்கருக்கு ஒரு தம்பி முளைத்தார். பெயர் கேன். சிறு வயதில் வீட்டில் பற்றிய தீயில் செத்ததாக நினைக்கப்பட்டவன், வெந்த முகத்தை மறைக்கும் சிவப்பு முகமூடியோடு அண்ணனைத் தேடி வருகிறான். அண்ணன் அடிக்க மறுக்கிறான், தம்பி விடுவதில்லை. மாதக் கணக்கில் இழுத்தார்கள். எங்கள் வீட்டில் இங்கிலீஷ் தெரியாத அப்பத்தா, சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு பார்த்தபடி, "பங்காளிச் சண்டையாடா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். அதற்கு மேல் அவளுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. பார்த் சொல்வதுபோல் அவள் கணத்தை வாசித்தாள் என்பது சரி, ஆனால் அடுத்த வாரம் "சின்னவன் என்ன ஆனான்?" என்று கேட்டாளே, அதற்கு பார்த்திடம் இடமில்லை. கணங்களால் ஆன ஒரு கலை, தொடர்கதையின் நாடியைப் பிடித்துக்கொண்டபோது அதன் குணமே மாறிவிட்டது என்பது என் அபிப்பிராயம். உடுக்கடித்து அண்ணமார் கதை சொல்கிறவர் பல இரவுகளுக்கு நீட்டுகிற வித்தையும் இதுதான்.

*

அவர்களுடைய தொழில் ரகசியத்துக்கு ஒரு பெயர் உண்டு: கேஃபேப். திருவிழாக் கொட்டகைகளில் மல்லர்கள் புழங்கிய பழைய சங்கேத வார்த்தை. சண்டை நிஜம்தான் என்று மேடைக்கு வெளியிலும் நடித்துக்கொண்டே இருப்பது. நல்லவனும் கெட்டவனும் ஒரே காரில் போகக்கூடாது, ஒரே மேஜையில் சாப்பிடக்கூடாது. இலக்கணத்தில் குழூஉக்குறிக்கு உதாரணம் படித்திருப்போம்: பொற்கொல்லர் பொன்னைப் பறி என்பதும் யானைப்பாகர் ஆடையைக் காரை என்பதும். மாட்டுச் சந்தையில் துண்டுக்கடியில் விரலைப் பிடித்து விலை பேசுவது இன்னும் நெருக்கமான உதாரணம். சுற்றி நிற்கிற அத்தனை பேருக்கும் துண்டுக்கடியில் பேரம் நடக்கிறது என்று தெரியும். என்ன விலை என்பதுதான் தெரியாது. மல்யுத்தத்தின் ரசிகன் இந்தச் சந்தைக்காரனை ஒத்தவன். அவன் ஏமாறவில்லை. துண்டை விலக்காமல் இருப்பதற்கு அவனும் உடன்பட்டிருக்கிறான்.

அந்தத் துண்டை விலக்கியது யார் தெரியுமா? கம்பெனியேதான். 1989 இல் நியூ ஜெர்ஸி மாநிலச் செனட்டின் முன் வின்ஸ் மக்மேனின் கம்பெனி தங்கள் தொழில் பந்தயமல்ல, பொழுதுபோக்கு என்று ஒப்புக்கொண்டது. சத்தியத்தின் மேல் திடீரென்று பிரியம் வந்துவிடவில்லை. பந்தயம் என்றால் மாநில விளையாட்டு ஆணையத்தின் லைசென்ஸ், கட்டணம், மேற்பார்வை எல்லாம் உண்டு. பொழுதுபோக்கு என்றால் கிடையாது. ஐம்பது அறுபது வருஷம் எலும்பு முறியக் காப்பாற்றிய ரகசியத்தை ஒரு வரிச் சலுகைக்கு விற்றார்கள். ஒரு கலை வடிவம் தன்னைப் பற்றிய உண்மையைச் சொல்வதற்குக் கணக்குப்பிள்ளை காரணமாக இருந்ததை வேறெங்கும் நான் படித்ததில்லை. வாங்குகிறவர்கள் குறையவில்லை. துண்டு விலகிய பிறகும் சந்தைக்குக் கூட்டம் வந்தது.

*

மேடையில் என்ன நடக்கிறது என்று கொஞ்சம் சொல்லவேண்டும். பலகை அடித்து, மேலே மெல்லிய மெத்தை போட்டு, கித்தான் இழுத்துக் கட்டிய தளம். விழும்போது தாடையை மார்போடு ஒட்டிக்கொண்டு, மூச்சை விட்டுக்கொண்டு, அடியை முதுகு முழுவதும் பரப்பி வாங்க வேண்டும். பரப்பினாலும் பலகை பலகைதான். ஒருவனைத் தலைக்கு மேல் தூக்கி எறிவதில் பாதி வேலை எறியப்படுகிறவனுடையது. அவன் துள்ளாவிட்டால் எந்தப் பயில்வானும் தூக்க முடியாது. கழுத்தைப் பிடித்து நெரிக்கிற பாவனையில் காதருகே வாயைக் கொண்டுபோய் அடுத்தது என்ன என்று சொல்லிக்கொள்கிறார்கள். முடிவு மட்டும் முன்பே பேசியது. நடுவில் வருவதில் பெரும்பகுதியைக் கூட்டத்தின் மூச்சைக் கேட்டு அங்கேயே கட்டுவதுதான் பழைய முறை.

அடிபட்ட வலியைக் கூட்டத்துக்குப் புலப்படுத்துவதை அவர்கள் பாஷையில் 'விற்பது' என்கிறார்கள். தோற்றுக் கொடுப்பதற்குப் பெயர் 'வேலை'. இந்த இரண்டு வார்த்தைகளையும் முதலில் அறிந்துகொண்டபோது பார்த்தின் கட்டுரையில் எனக்குக் கிடைக்காதது என்ன என்று புரிந்தது.

எங்கள் பக்கத்தில் இதற்கு மிக நெருங்கிய கலை கூத்து அல்ல, ஸ்பெஷல் நாடகம். சங்கரதாஸ் சுவாமிகளின் வழிவந்தது. பங்குனி, சித்திரையில் மாரியம்மன் கோயில் திருவிழாக்களில் இரவு பத்து மணிக்குத் தொடங்கி விடியும்வரை நடக்கும். பழநி முப்பது கிலோமீட்டர். ஆகவே எங்களுக்கு வள்ளி திருமணம் என்றால் ஊர்க்காரர் வீட்டுக் கல்யாணம். இந்த நாடகத்துக்கு கம்பெனி கிடையாது என்பதுதான் விசேஷம். ராஜபார்ட் ஓர் ஊர், ஸ்திரீபார்ட் ஓர் ஊர், பபூன் வேறொரு ஊர், ஆர்மோனியம் இன்னொரு ஊர். ஒவ்வொருவரையும் தனித்தனியாகத் தேதி பேசி, முன்பணம் கொடுத்து அழைக்கிறார்கள். ஒத்திகை கிடையாது. பல சமயம் வள்ளியும் நாரதரும் அன்றைக்கு மேடையில்தான் முதல்முறையாகப் பார்த்துக்கொள்கிறார்கள். பார்த்துக்கொண்டவுடன் தர்க்கம் தொடங்குகிறது. யார் ஜெயிப்பது, கதை எங்கே முடியவேண்டும் என்பது இருவருக்கும் தெரியும், கூட்டத்துக்கும் தெரியும். நடுவில் ஒரு மணி நேரம், சில நாள் இரண்டு மணி நேரம், எதிராளி வீசுவதை வாங்கித் திருப்பி வீசவேண்டும். நல்ல நாரதர் வள்ளியைத் திணற அடிப்பார், ஆனால் விழுந்துவிட விடமாட்டார். விழுந்தால் இரண்டு பேர் தொழிலும் போச்சு.

எங்கள் கிளையில் கணக்கு வைத்திருக்கும் பபூன் நடிகர் ஒருவர் எனக்குப் பழக்கம். ஐம்பதைத் தாண்டியவர். முதல் இரண்டு மணி நேரம் கூட்டத்தைச் சிரிக்க வைத்து உட்காரவைப்பது அவர் பொறுப்பு. அடி வாங்குவதும், தடுக்கி விழுவதும், டான்ஸ் ஆடுகிற பெண்ணிடம் பேச்சில் தோற்பதும் அவர் வேலை. "தோக்கறதுக்குத்தான் சார் சம்பளம். ஜெயிக்கறதுக்கு எவன் வேணாலும் வருவான்" என்றார் ஒரு தடவை. அவருக்கு மல்யுத்தம் பற்றி ஒன்றும் தெரியாது. நான் மேலே சொன்ன 'வேலை' என்ற வார்த்தையின் அகராதிப் பொருளை அவர் சொல்லிவிட்டுப் போனார்.

*

ஒற்றுமையைச் சொல்லிவிட்டேன். வேற்றுமைதான் முக்கியம்.

1996 இல் கெவின் நாஷ், ஸ்காட் ஹால் என்று இரண்டு பெரிய மல்லர்கள் கம்பெனியை விட்டு எதிர்க் கம்பெனிக்குப் போனார்கள். மேடையில் அவர்கள் பெயர் டீசல், ரேஸர் ரமோன். பெயர்கள் கம்பெனியின் சொத்து. ஆட்கள் போகலாம், பெயர் போகமுடியாது. அந்த இலையுதிர்காலத்தில் கம்பெனி வேறு இருவருக்கு அதே உடை, அதே தலைமுடி, அதே நடை கொடுத்து, டீசலும் ரேஸர் ரமோனும் திரும்பி வந்துவிட்டார்கள் என்று அறிவித்தது. கூட்டம் ஏற்கவில்லை. கொஞ்ச மாதங்களில் சத்தமில்லாமல் மூடிவிட்டார்கள். (போலி டீசலாக நடித்த கிளென் ஜேக்கப்ஸ்தான் மறுவருஷம் சிவப்பு முகமூடி போட்டுக்கொண்டு கேன் ஆனார். 2018 இல் டென்னஸியில் நாக்ஸ் கவுண்டிக்கு மேயராகவும் ஆனார். எங்கள் அப்பத்தா இருந்திருந்தால் சின்னவன் பிழைத்துக்கொண்டான் என்று சந்தோஷப்பட்டிருப்பாள்.)

ஏன் ஏற்கவில்லை என்று யோசித்துக்கொண்டே இருக்கிறேன். வள்ளி திருமணத்தில் நேற்று ஒருவர் நாரதர், இன்று ஒருவர். போலி நாரதர் என்று யாரும் கத்துவதில்லை. போன வருஷத்து நாரதர் தேவலை என்பார்கள். அது ரசனை சம்பந்தப்பட்ட அபிப்பிராயம். ஏனென்றால் நாரதர் யாருக்கும் சொந்தமில்லை. அந்த வேஷம் ஊர்ப் பொதுக் கிணறு. இறைக்கிறவனின் கைவாகு மட்டும் வேறுபடுகிறது. டீசல் என்ற வேஷம் அப்படிப்பட்டதல்ல. அது ஒரு மனிதனின் உடம்பிலிருந்து, அவன் தலையைத் திருப்புகிற விதத்திலிருந்து வளர்ந்தது. அதற்குப் பெயர் வைத்துப் பதிவு செய்துகொண்டது மட்டும் கம்பெனி. சட்டப்படி வேஷம் தங்களுடையது என்று நிரூபிக்கப் போய், அது யாரால் ஆனது என்பதை அவர்களே பகிரங்கமாகக் காட்டிவிட்டார்கள். ஆள்மாறாட்டத்தைக் கண்டுபிடித்தவர்கள், பொய்ச் சண்டையைப் பார்த்துக் கைதட்டும் அசடர்கள் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கும் ஜனங்கள்.

அடுத்த வருஷம், 1997 நவம்பர் 9, மான்ட்ரியல். பிரெட் ஹார்ட் சாம்பியன். அவரும் எதிர்க் கம்பெனிக்குப் போக இருந்தார். பிரெட் ஹார்ட் என்பது அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர். பறிக்க முடியாது. ஆகவே பட்டத்தைப் பறித்தார்கள். சொந்த நாட்டு மண்ணில் தோற்க மாட்டேன் என்று அவர் சொல்லியிருந்தார்; வேறு விதமாக முடிப்பது என்று பேசிக்கொண்டிருந்தார்கள். அவர் கண்டுபிடித்துப் புகழாக்கிய பிடி இல்லை அது, ஆனால் அவருடைய முத்திரைப் பிடி. அந்தப் பிடியிலேயே எதிராளி ஷான் மைக்கேல்ஸ் அவரைப் பூட்டியிருந்தபோது, அவர் கைவிடாமலே, மணியை அடி என்று மக்மேன் உத்தரவு போட்டார். பேசியது ஒன்று, நடந்தது ஒன்று. பொய்ச் சண்டையில் ஒரு நிஜம். பிரெட் ஹார்ட் கயிற்றருகே வந்து முதலாளியின் முகத்தில் துப்பினார்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்குப் பயத்தைத் தருகிறது. கூட்டம் மக்மேனை நிஜமாகவே வெறுத்தது. அவர் அந்த வெறுப்பை எடுத்து வேஷமாகத் தைத்துப் போட்டுக்கொண்டார். கொடுமைக்கார முதலாளி 'மிஸ்டர் மக்மேன்' என்பது அந்தக் கம்பெனியின் மிக லாபகரமான வில்லன். தன் துரோகத்தையே கதையாக்கி, டிக்கெட் போட்டு விற்று, தொழிலாளி முதலாளியை அடிக்கும் காட்சிக்கு ஊரே கைதட்ட, கல்லாவில் அவரே உட்கார்ந்திருந்தார். இருபத்தைந்து வருஷம் ஓடியது. 2024 ஜனவரியில் முன்னாள் பெண் ஊழியர் ஒருவர் பாலியல் கொடுமைக் குற்றச்சாட்டுகளோடு வழக்குத் தொடுத்தபின் பதவி விலகினார், குற்றச்சாட்டுகளை மறுக்கிறார். வில்லனாக நடிக்கிறவர் நல்லவராகத்தான் இருப்பார் என்று நம்பியார் காலத்திலிருந்து நமக்கொரு நம்பிக்கை உண்டு. அது எல்லா ஊருக்கும் பொருந்தாது போலிருக்கிறது.

தாராசிங்கை நினைத்துப் பாருங்கள். 1928 இல் அமிர்தசரஸ் பக்கத்துக் கிராமத்தில் பிறந்து, 1947 வாக்கில் சிங்கப்பூர் போய், கூலி வேலை பார்த்துக்கொண்டே கற்று, மலேயாவிலும் இந்தியாவிலும் எண்ணற்ற மேடைகள். 1968 இல் பம்பாயில் லூ தெஸ்ஸை வென்றார். வென்றார் என்றால் என்ன அர்த்தம் என்று இப்போது உங்களுக்குத் தெரியும். அதனால் அவர் சிறுத்துவிடவில்லை. அவரோடு மோதிய கிங்காங், எமில் சாஜா என்ற ஹங்கேரியர், 1970 இல் கார் விபத்தில் பட்ட காயத்தால் சிங்கப்பூரில் இறந்தார். சண்டையில் ஒன்றும் ஆகவில்லை. தாராசிங் தன் பெயரைத் தானே எடுத்துக்கொண்டு சினிமாவுக்குப் போனார். 1987 இல் ராமாயணத் தொடரில் அனுமன் ஆனார். 2003 இல் ராஜ்ய சபைக்கு நியமிக்கப்பட்டார். "நீ என்ன பெரிய தாராசிங்கா?" என்று தமிழில் இன்றும் கேட்கிறோம், அந்த வாக்கியத்துக்கு யாரும் யாருக்கும் பணம் கட்டவேண்டியதில்லை. 2007 இல் அமெரிக்காவில் உலகப் பட்டம் பெற்ற இமாசலத்துக்காரர் தலிப் சிங் ராணாவை எத்தனை பேருக்குத் தெரியும்? கிரேட் காளி என்றால் தெரியும்.

*

1999 மே 23, கான்சாஸ் சிட்டி. பிரெட் ஹார்ட்டின் தம்பி ஓவன் ஹார்ட். அண்ணன் போனபின் அதே கம்பெனியில் தங்கிவிட்டவர். அன்றைக்கு அவருக்கு ஒரு கோமாளி வேஷம்: முகமூடியும் இறகு அங்கியும் போட்ட அசட்டு வீரன். அரங்கத்தின் கூரையிலிருந்து கயிற்றில் இறங்கவேண்டும். கொக்கி கழன்றது. விழுந்து இறந்தார். டெலிவிஷனில் பார்த்தவர்களிடம் வர்ணனையாளர் இது நிகழ்ச்சியின் பகுதி அல்ல என்று திரும்பத் திரும்பச் சொல்லவேண்டியிருந்தது. அரங்கத்தில் இருந்தவர்களிடம் மரணத்தைச் சொல்லவில்லை. அடுத்த சண்டைகளை நடத்தினார்கள், அதே மேடையில்.

கட்டியங்காரன் வந்து இது கதையில்லை, நம்புங்கள் என்று கெஞ்சுகிற அந்த இடத்தை என்னால் தாண்ட முடிவதில்லை. கம்பெனி பின்னர் அவர் குடும்பத்துக்கு 1 கோடியே 80 லட்சம் டாலர் கொடுத்து வழக்கைத் தீர்த்துக்கொண்டது. ஓவன் ஹார்ட்டின் பெயரைத் தங்கள் புகழ் மண்டபத்தில் பொறிக்க விரும்பியது. அவர் மனைவி மறுத்துவிட்டார். பெயரைக் கொடுக்கமாட்டேன் என்று சொல்ல முடிந்த மிகச் சிலரில் அவர் ஒருவர். அதே வருஷம் அக்டோபரில், ஐந்து மாதம் கழித்து, கம்பெனி பங்குச் சந்தைக்கு வந்தது.

இனி என் தொழில் பாஷை. அந்தக் கம்பெனியின் மல்லர்கள் ஊழியர்கள் அல்ல. சுயேச்சை ஒப்பந்தக்காரர்கள். எங்கே போகவேண்டும், என்ன உடுத்தவேண்டும், யாரிடம் தோற்கவேண்டும் என்று கம்பெனி சொல்லும், எதிர்க் கம்பெனியில் ஆடக்கூடாது, ஆனாலும் சுயேச்சை. மேடையில் பட்ட காயத்துக்கு வைத்தியம் உண்டு. ஓய்வூதியம் கிடையாது. சங்கம் கிடையாது. 1986 இல் ஜெஸ்ஸி வென்ச்சுரா என்பவர் சங்கம் வைக்கவேண்டுமென்று சக மல்லர்களிடம் பேசினார்; செய்தி முதலாளிக்குப் போய்விட்டது. கொண்டுபோனது அன்றைய பெரிய நட்சத்திரமான ஹல்க் ஹோகன் என்று பின்னாளில் தன் வழக்கில் தெரியவந்ததாக வென்ச்சுரா சொல்லிவந்திருக்கிறார். வென்ச்சுரா மின்னசோட்டா கவர்னர்கூட ஆகிவிட்டார். சங்கம் ஆகவில்லை. 2023 இல் கம்பெனி இன்னொரு சண்டைக் கம்பெனியோடு இணைந்து டி.கே.ஓ. என்றாயிற்று. வாராந்தர நிகழ்ச்சியை நெட்ஃபிளிக்ஸ் பத்து வருஷத்துக்கு 500 கோடி டாலருக்கு மேல் கொடுத்து வாங்கியிருக்கிறது. 2025 ஜனவரியில் தொடங்கிவிட்டது. ஸ்பெஷல் நாடகக்காரர்களுக்கு மதுரையிலும் திண்டுக்கல்லிலும் புதுக்கோட்டையிலும் சங்கம் இருக்கிறது. கூலி சொற்பம். கூப்பிடாவிட்டால் பட்டினி. ஆனாலும் சுயேச்சை என்ற வார்த்தை அவர்கள் விஷயத்தில் பொய் இல்லை. தேதி டைரி அவர்கள் பையில் இருக்கிறது.

நம்மைப் பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன். சிறுபத்திரிகை உலகத்தில் நல்லவர், கெட்டவர், திடீர்க் கட்சி மாறல், நடுவர் பார்க்காதபோது முதுகில் நாற்காலி அடி எல்லாம் உண்டு. எதிரெதிர்ப் பத்திரிகைகளில் ஒருவரையொருவர் கிழித்துக்கொண்ட இருவர் ஒரே பஸ்ஸில் ஊர் திரும்பியதை நான் பார்த்திருக்கிறேன். பக்கத்துப் பக்கத்து சீட். அதை நான் குறையாகச் சொல்லவில்லை. இந்தப் பக்கங்களில் எழுதுகிறவனுக்குச் சன்மானம் கிடையாது. பெயர் மட்டும்தான் கூலி. அதுவும் என் போன்றவர்களுக்குப் புனைபெயர். வங்கியில் என்னை அந்தப் பெயரால் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்க யாரும் இல்லை. அதனால்தானோ என்னவோ, போலி டீசலின் கதை என்னை இவ்வளவு தொந்தரவு செய்கிறது.

பபூன் நடிகர் போன வருஷம் கடன் கேட்டு வந்தார். மகள் கல்யாணம். விண்ணப்பத்தில் தொழில் என்ற கட்டத்தில் என்ன எழுதுவது என்று கேட்டார். சுயதொழில் என்று எழுதினேன். வருமானச் சான்றுக்குத் தேதி டைரியைக் கொடுத்தார்: பங்குனி, சித்திரை, வைகாசி நிறைந்திருந்தது, ஐப்பசியிலிருந்து வெறும் தாள். சம்பளச் சீட்டு இல்லாததால் மேலே போய்த் திரும்பி வந்துவிட்டது. அவர் வருத்தப்பட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை. "நாம விழுகிற விழுகையில இதெல்லாம் ஒண்ணுமா சார்" என்று சொல்லிவிட்டு, கணக்கில் இருந்ததை எடுக்கப் படிவம் வாங்கி, நின்றுகொண்டே எழுதிக் கொடுத்தார்.

கையெழுத்து பொருந்தவில்லை. நோட்டீசில் போடுகிற பெயரை, பட்டத்தோடு சேர்த்து, வளைத்து வளைத்துப் போட்டிருந்தார்.

"அண்ணே, இது செல்லாதுண்ணே. பாஸ்புக்கில் இருக்கிற பேரை எழுதுங்க."

படிவத்தை வாங்கிப் பார்த்துச் சிரித்தார். பேனாவைத் திரும்பக் கேட்டு, அடித்துவிட்டு எழுதலாமா, புதுப் படிவம் வேண்டுமா என்றார். புதுப் படிவம் கொடுத்தேன்.